புது இன்ஹேலர் இழுத்ததும் இருமல்: மருந்தை மாற்றுமுன் ஆச்சியின் மூச்சைப் பாருங்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாட்டரசன்கோட்டையைச் சொந்த ஊராகக் கொண்டு இப்போது காரைக்குடியில் இருக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "அக்கா, எங்க ஆத்தாவுக்கு 68 வயது. பீடி, சிகரெட் தொட்டதே இல்லை. நாலு வருஷம் முன்னாடி சி.ஓ.பி.டி (மூச்சுக்குழாய் நாள்பட அடைத்துப்போகும் நோய்) என்று சொன்னார்கள். அதிலிருந்து காலையும் ராத்திரியும் ரோட்டாகேப் என்ற பொடி கேப்ஸ்யூலைப் போட்டு இழுத்துக்கொண்டிருந்தார். ஒன்பது நாளைக்கு முன் டாக்டர் அதை நிறுத்திவிட்டு, மூன்று மருந்து சேர்ந்த, அமுக்கி அடிக்கும் பஃப் இன்ஹேலர் கொடுத்தார், வேளைக்கு இரண்டு. அடித்த மறு விநாடி இருமல். தொண்டை கரகரக்கிறது, குரலும் மாறிவிட்டது. 'இது எனக்குச் சேரலைத்தா, பழசையே வாங்கிக் குடு' என்கிறார். இதெல்லாம் பழகிவிட்டால் விடாது என்று பக்கத்து வீட்டில் வேறு பயமுறுத்துகிறார்கள். நிறுத்திவிடலாமா? செவ்வாய்ப் பொங்கலுக்கு ஊருக்குக் கூட்டிப் போகலாமா?"

தங்கச்சி, முதலில் நேரான பதில். நீங்களாக நிறுத்த வேண்டாம், பழைய மருந்துக்கு நீங்களாகத் திரும்பவும் வேண்டாம். ஆனால் "போகப் போகச் சரியாகிவிடும், பொறுத்துக்கங்க ஆத்தா" என்றும் விட்டுவிடாதீர்கள். இன்று ராத்திரி ஆச்சி பஃப் அடிக்கும்போது எதிரில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து அவர் முகத்தையே பாருங்கள். என்ன பார்க்க வேண்டும் என்று கீழே சொல்கிறேன். ஒன்பது நாள் இருமலுக்குக் காரணம் பெரும்பாலும் அந்தப் பத்து விநாடிக்குள்தான் இருக்கும்.

அதற்கு முன் ஒரு விலக்கு. பஃப் அடித்த உடனே இருமலோடு நெஞ்சு இறுகி, வீசிங் சத்தம் கேட்டு, மூச்சு முன்பைவிட மோசமாகிறது என்றால் அது வேறு விஷயம். அபூர்வம்தான், ஆனால் திறக்க வேண்டிய மூச்சுக்குழாய் சிலருக்கு மருந்து பட்டதும் சுருங்கிக்கொள்ளும். அப்படியானால் அந்த இன்ஹேலரை மறுபடி அடிக்கக் கூடாது. அவசரத்துக்கு வைத்திருக்கும் சால்பூட்டமாலைக் கொடுத்துவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். உதடு, நாக்கு, முகம் வீங்கினாலோ உடம்பெல்லாம் தடித்தாலோ நேராக 108. உங்கள் கடிதத்தில் இப்படி எதுவும் இல்லை, ஆச்சிக்கு இருமல் ஓய்ந்ததும் மூச்சு பழைய நிலைக்கு வந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் தொடர்ந்து சொல்கிறேன்.

நான் காரைக்குடியில் நெஞ்சக நோய் டாக்டர் ஒருவரிடம் 19 வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். எந்த மருந்து, எத்தனை வேளை என்பது டாக்டர் வேலை. அதை எப்படி உள்ளே இழுப்பது என்று பழக்கிக் கொடுப்பது என் வேலை. அதனால் இந்தப் பதிலும் பெரும்பாலும் இழுப்பதைப் பற்றித்தான் இருக்கும்.

ஆச்சிக்கு நடந்திருப்பது என்ன என்று என்னால் கிட்டத்தட்டச் சொல்ல முடியும். ரோட்டாகேப் போட்டு இழுக்கும் ரோட்டாஹேலருக்குச் சொந்த பலம் கிடையாது. கேப்ஸ்யூலைச் செருகித் திருகினால் அது பிளந்து பொடி உள்ளேயே கிடக்கும். அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியது இழுப்பவரின் மூச்சுதான். அதனால்தான் "வேகமா, ஆழமா, ஒரே இழுப்பா இழுங்க" என்று சொல்லிக் கொடுக்கிறோம். கெட்டியான ரோஸ்மில்க்கை ஸ்ட்ராவில் இழுப்பது போன்ற இழுப்பு அது. நாலு வருஷம், தினம் இரண்டு வேளை, ஆச்சியின் நெஞ்சு அந்த இழுப்பைப் பழகியிருக்கிறது.

பஃப் அதற்கு நேர் எதிர். குப்பிக்குள்ளேயே அழுத்தமான வாயு இருக்கிறது. அமுக்கிய நொடியில் மருந்து தானாகவே வேகமாகப் பாய்ந்து வரும். அதை மெதுவாக வாங்க வேண்டும். பழைய பழக்கத்தில் ஆச்சி வெடுக்கென்று இழுத்தால், குப்பியின் வேகமும் மூச்சின் வேகமும் சேர்ந்து மருந்து தொண்டையின் பின்சுவரில் போய் அறையும். அந்த வாயு விரியும்போது ஜில்லென்று வேறு இருக்கும். தொண்டை திடுக்கிட்டு இருமும். அதாவது, ஆச்சியின் கையில் கருவி மாறிவிட்டது, மூச்சு மாறவில்லை.

இதில் நஷ்டம் இருமலோடு நிற்பதில்லை. ஸ்பேசர் என்ற இடைக்குடுவை இல்லாமல் நேரடியாக வாயில் அடித்தால், ஓரளவு சரியாக இழுப்பவருக்கே நுரையீரலுக்குள் போவது 10 முதல் 20 சதவீதம்தான். மீதி வாயிலும் தொண்டையிலும் ஒட்டி வயிற்றுக்குப் போகும். வெடுக்கென்று இழுத்து உடனே இருமிவிடுகிறவருக்கு இன்னும் குறைவு. தொண்டை எரியும், மூச்சும் லேசாகாது. பிறகு "சேரலை" என்று சொல்லாமல் என்ன சொல்வார்? ஆச்சி மேல் குற்றமே இல்லை. கருவியை மாற்றும்போது மூச்சையும் மாற்றிக் கொடுக்காதது சொல்லிக் கொடுக்க வேண்டியவர்களின் குறை. எங்களைப் போன்றவர்கள் கூட்ட நேரத்தில் செய்யும் குறை இது. பஃப் இன்ஹேலர் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது 1956இல். இத்தனை வருஷமாகியும் கடையில் வாங்கிய டப்பாவைப் பிரித்துப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொள்ளும்படிதான் பலரை விட்டிருக்கிறோம் என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

புதுவயலில் ரைஸ் மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் வந்தார். பஃப் அடித்தால் இருமல், மருந்தே பிடிக்கவில்லை என்றார். என் முன்னாலேயே ஒரு பஃப் அடிக்கச் சொன்னேன். அமுக்கினார். அடுத்த கணம் அவர் மீசைக்குக் கீழே, உதட்டின் இடது ஓரத்திலிருந்து வெள்ளையாக ஒரு புகைச் சுருள் வெளியே வந்தது. மூக்கிலிருந்தும் கொஞ்சம். பிறகு இருமல். உதடு சரியாக மூடவில்லை. அமுக்கிய பிறகுதான் இழுக்க ஆரம்பித்தார், அதையும் மூக்கால் இழுத்தார். "ஐயா, உங்க மருந்து உள்ளே போகலை, இந்த அறைக்குள்ளதான் சுத்துது" என்று கண்ணாடியைப் பிடித்துக் காட்டினேன். இரண்டாவது பஃப்பைக் கண்ணாடி பார்த்தே அடித்தார். சுருள் பாதியாகக் குறைந்தது. ஸ்பேசர் வைத்து அடித்த மூன்றாவதில் எதுவும் வெளியே வரவில்லை, இருமலும் வரவில்லை. கையிலிருந்த ஸ்பேசரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இன்று ராத்திரி நீங்கள் பார்க்க வேண்டியது அந்தச் சுருளைத்தான். வாயோரத்தில் அல்லது மூக்கில் வெள்ளைப் புகை தெரிந்தால் மருந்து வெளியே போகிறது என்று அர்த்தம். நெஞ்சு 'விசுக்'கென்று தூக்கினால் இழுப்பு வேகம். அமுக்குவதும் இழுப்பதும் முன்னே பின்னே ஆனால் கை-மூச்சு ஒத்துவரவில்லை. 68 வயதில், விரல் மூட்டு வலியோடு, அந்த ஒத்திசைவு வராதது இயல்பு. அதற்காகவே செய்ததுதான் ஸ்பேசர்.

ஸ்பேசரைக் குழந்தைகளுக்கானது என்று நம் ஊரில் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். மருந்துக் கடையில் கேட்டால் கிடைக்கும் வெறும் பிளாஸ்டிக் குடுவைதான். பஃப்பின் வேகம் அதற்குள் தணிந்துவிடும். தொண்டையில் ஒட்டக்கூடிய கனமான துளிகள் குடுவைச் சுவரிலேயே தங்கிவிடும். நுரையீரலுக்குள் இறங்கக்கூடிய, 5 மைக்ரானுக்கும் சிறிய துளிகள் மிதந்தபடி ஆச்சியின் மூச்சுக்குக் காத்திருக்கும். ஜில்லென்ற அறையும் இல்லை. இருமலோடு வருகிறவர்களுக்கு நான் முதலில் கையில் எடுப்பது இதைத்தான்.

ஆச்சிக்கு நான் சொல்லிக் கொடுத்தால் இப்படிச் சொல்வேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்க ஆச்சி, ஊஞ்சலில் வேண்டாம், படுத்தும் வேண்டாம். வாயில் வெற்றிலை இருந்தால் துப்பிவிட்டுக் கொப்பளித்துவிட்டு வாங்க. ஒரு மடக்கு வெதுவெதுப்பான தண்ணீர் குடிங்க, தொண்டை காய்ந்திருந்தால் இருமல் சீக்கிரம் வரும். பஃப்பை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் செருகுங்க. தாடையைக் கொஞ்சம் மேலே தூக்குங்க. முதலில் மூச்சை மெதுவாக வெளியே விடுங்க, குடுவைக்குள் இல்லை, வெளியே. இப்போது வாய்ப்பகுதியைப் பல்லுக்கு நடுவில் வைத்து உதட்டால் கவ்விக்கொள்ளுங்க. ஒரே ஒரு தடவை அமுக்குங்க. அமுக்கியதும், சளி பிடித்தால் ஆவி பிடிப்போமே, அந்த ஆவியை வாயால் இழுப்பது போல மெதுவாக, நாலைந்து விநாடி இழுங்க. இழுத்து முடித்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் பத்து எண்ணுங்க. பத்து முடியாவிட்டால் ஐந்து. அதுவும் முடியாவிட்டால் குடுவையை வாயிலிருந்து எடுக்காமலே சாதாரணமாக ஐந்தாறு மூச்சு விட்டு வாங்குங்க, அதுவும் சரியான முறைதான். அரை நிமிஷம், ஒரு நிமிஷம் கழித்து மறுபடி குலுக்கி இரண்டாவது. இரண்டையும் ஒன்றாகக் குடுவைக்குள் அடித்து ஒரே மூச்சில் இழுக்கக் கூடாது. சில ஸ்பேசர்களில் வேகமாக இழுத்தால் விசில் சத்தம் வரும். சத்தம் கேட்டால் "மெதுவா, மெதுவா" என்று சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்க.

பழக்கம் முழுதாக மாற ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஆனால் ஸ்பேசரோடு, மெதுவான இழுப்போடு அடித்தால் அறைந்தது போல வரும் அந்த இருமல் முதல் இரண்டு மூன்று நாளிலேயே குறைவதைப் பார்க்கலாம். நடுவில் இருமல் வந்து ஒரு பஃப் வீணானது போலத் தோன்றினாலும் "அதுக்குப் பதிலா இன்னொண்ணு" என்று எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள்.

ஸ்பேசரைக் கழுவுவதில் எல்லோரும் ஒரு தவறு செய்கிறார்கள். சோப்புத் தண்ணீரில் அலசிவிட்டுத் துண்டால் பளபளவென்று துடைத்து வைப்பார்கள். துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, மருந்துத் துளிகளைச் சுவர் இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். துடைக்காமல் முற்றத்து நிழலில் கவிழ்த்து வைத்துத் தானாக உலரவிடுங்கள். புதிதாக வாங்கியதையும் ஒரு தடவை இப்படிக் கழுவிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். பஃப் புதிதாக இருந்தாலோ பல நாள் எடுக்காமல் இருந்தாலோ, உள்ளே இருக்கும் தாளில் எத்தனை தடவை காற்றில் அடித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும் என்று போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள்.

அடுத்து நான் கவலைப்படும் விஷயம் அந்தப் பழைய ரோட்டாகேப் டப்பா. ஆச்சி "எதுக்கும் இருக்கட்டும்" என்று பீரோவில் வைத்திருப்பார். பஃப் இருமல் தருகிறது என்று ராத்திரி யாருக்கும் தெரியாமல் ஒரு கேப்ஸ்யூலும் இழுத்துக்கொள்வார். இப்படி ஒருவரல்ல, நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். மூன்று மருந்து சேர்ந்த பஃப்பில் பெரும்பாலும் பழைய ரோட்டாகேப்பில் இருந்த இரண்டு மருந்தின் வகையும் இருக்கும். இரண்டையும் எடுத்தால் அளவு இரட்டிப்பாகி நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். டாக்டர் நிறுத்தச் சொன்னதைப் பிரித்து எடுத்துத் தனியாக வையுங்கள். அவசரத்துக்கு என்று கொடுத்த சால்பூட்டமாலோ லெவோசால்பூட்டமாலோ வேறு, அது எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். நீலக் கலர் என்றால் அவசரத்துக்கானது என்று கலரை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெயரை வாசியுங்கள். டப்பா மேலேயே மார்க்கர் பேனாவால் "தினமும்", "அவசரம்" என்று பெரிதாக எழுதிவிடுங்கள்.

குரல் மாறியதற்கும் தொண்டைக் கரகரப்புக்கும் பெரும்பாலும் அந்த மூன்று மருந்தில் ஒன்றான ஸ்டீராய்டுதான் காரணம். பயப்பட வேண்டாம், ஆனால் கொப்பளிக்க வேண்டும். பஃப் முடிந்ததும் தண்ணீரை வாயில் ஊற்றி, தலையைப் பின்னால் சாய்த்துத் தொண்டைவரை களகளவென்று கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. காலையில் பல் தேய்க்குமுன், ராத்திரி பல்செட்டைக் கழற்றிக் கழுவுமுன் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. நாக்கில், அண்ணத்தில் தயிர் ஒட்டியது போல வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது பூஞ்சை. டாக்டரிடம் காட்டினால் பூசவோ சப்பவோ மருந்து தருவார், இன்ஹேலரை நிறுத்தத் தேவை வராது. மூன்றாவது மருந்து பெரும்பாலும் கிளைகோபைரோனியமாக இருக்கும், அது வாயை உலர வைக்கும். ஆச்சிக்குக் கண்ணழுத்த நோய் இருந்தால் அதை டாக்டரிடம் சொல்லியிருக்கிறீர்களா என்று யோசியுங்கள், மருந்து கண்ணில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். வயதான ஆண்கள், அப்பச்சி யாராவது இதே மருந்து எடுத்தால், சிறுநீர் அடைப்பதையும் கவனிக்க வேண்டும்.

"பழகிவிட்டால் விடாது" என்பதற்குப் பதில். பழகுவது நோய், மருந்தல்ல. இந்த நோய் தினமும் இருக்கிறது, அதனால் மருந்தும் தினமும். அளவைப் பாருங்கள்: சால்பூட்டமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம். ஒரு பஃப்பில் இருப்பது 100 மைக்ரோகிராம். ஒரு மாத்திரையில் இருப்பது நாற்பது பஃப்புக்குச் சமம். மாத்திரை ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றி நெஞ்சுக்கு வர வேண்டும், பஃப் நேராக அங்கேயே போகிறது. மாத்திரைக்குப் பயப்படாதவர்கள் இன்ஹேலருக்குப் பயப்படுவதை நான் தினமும் பார்க்கிறேன். அந்தப் பயத்தால் மருந்தை விட்டுவிட்டு மார்கழிப் பனியில் மூச்சு முட்டி வந்து சேர்கிறவர்களையும் பார்க்கிறேன்.

எல்லா இருமலும் பஃப்பால் வருவதில்லை. எப்போது வருகிறது என்று நாலு நாள் ஒரு காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். டாக்டருக்கு அது பாதி வேலையைக் குறைக்கும். அடித்த விநாடியே வந்து ஒரு நிமிஷத்தில் ஓய்ந்தால் அது நான் மேலே சொன்ன தொண்டை இருமல். கால் மணி, அரை மணி கழித்துச் சளியோடு வந்து, துப்பியதும் நெஞ்சு லேசானால் அது நல்ல இருமல். குழாய் திறந்து, அடைத்திருந்த சளி நகர்கிறது. அதை அடக்கச் சொல்லாதீர்கள், இருமல் சிரப் வாங்கி ஊற்றாதீர்கள். கக்கிக் கக்கி இருமினால் களைப்புதான் மிஞ்சும். அதற்குப் பதிலாக, மூக்குக்கண்ணாடியைத் துடைக்க "ஹா" என்று ஆவி ஊதுவோமே, அதுபோல வாயைத் திறந்து அடிவயிற்றிலிருந்து இரண்டு மூன்று "ஹா". சளி மேலே வந்ததும் ஒரே இருமலில் துப்பிவிடலாம்.

நாள் முழுவதும் வறட்டு இருமல், பஃப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் வந்தால், அதே சமயத்தில் வேறு என்ன மாறியது என்று பாருங்கள். பிரஷர் மாத்திரையில் ராமிப்ரில், எனலாப்ரில் என்று 'ப்ரில்'லில் முடியும் பெயர் இருக்கிறதா? அந்த வகை சிலருக்குத் தொண்டையில் எறும்பு ஊர்வது போல வறட்டு இருமல் தரும். எங்களிடம் ஒரு ஆச்சிக்கு இரண்டு மாசம் பழி முழுவதும் இன்ஹேலர் மேல் விழுந்தது, மாத்திரையை டாக்டர் மாற்றிய சில வாரத்தில் இருமல் நின்றது. நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் அந்த அட்டையைக் காட்டுங்கள். படுத்ததும் புளித்த ஏப்பத்தோடு வந்தால் இரைப்பை அமிலம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு சேர்ந்தால் சளியைக் காசநோய்க்குப் பரிசோதிக்க வேண்டும், அரசு மருத்துவமனைகளில் இலவசம். சி.ஓ.பி.டி இருக்கிறது என்பதற்காக இந்தச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி, அளவும் கூடி, மூச்சிரைப்பும் அதிகமானால் கிருமித் தாக்குதல். ஓரிரு நாளுக்குள் டாக்டரைப் பாருங்கள். சளியில் ரத்தம் வந்தால் அன்றைக்கே. ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பூத்தாலோ, பகலில் காரணமில்லாமல் மயங்கித் தூங்கினாலோ 108. வீட்டில் ஆக்ஸிஜன் சிலிண்டர் இருப்பவர்கள் பதற்றத்தில் முழுவேகத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள். இந்த நோயில் அது ஆபத்தாக முடியலாம், ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைப் பொதுவாக 88 முதல் 92 சதவீதம் வரை வைத்தால் போதும் என்பார்கள். டாக்டர் உங்களுக்குச் சொன்ன அளவே உங்களுக்கானது.

பீடி தொடாத ஆச்சிக்கு எப்படி வந்தது என்று உங்களுக்குள் ஒரு கேள்வி இருப்பது கடிதத்தின் வரிகளுக்கு நடுவில் தெரிகிறது. என் அப்பத்தாவுக்கும் இதே நோய். அவரும் பீடி தொட்டதில்லை. கடைசிக் கட்டில் சமையல்கட்டு, சீமைக்கருவேல விறகு, காலை ஐந்து மணிக்கு இட்லிக் கொப்பரை ஏற்றினால் ராத்திரிவரை தணியாத அடுப்பு. கல்யாணம், சாந்தி என்றால் பத்து நாள் முன்பிருந்தே பலகாரம்; தேன்குழலும் மனகோலமும் சீப்புச்சீடையும் சுட்டு எடுக்கும்வரை எண்ணெய்ப் புகையும் விறகுப் புகையும் முகத்துக்கு நேரே. ஊதுகுழலால் ஊதி ஊதி, இடையில் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் அந்தப் புகைதான். நாற்பது வருஷம் அப்படி இழுத்தால் பீடி பிடித்தவர் நெஞ்சுக்கு ஆகும் கதிதான் ஆகும். என் அப்பத்தாவுக்குப் பத்து வருஷம் "வயசானா இளைக்கத்தான் செய்யும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை ஒரு தடவைகூட யாரும் எடுக்கச் சொல்லவில்லை. நான் இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எடுத்தோம். ஆச்சிக்கு அந்தச் சோதனை எடுத்திருக்கிறார்களா என்று பழைய ஃபைலில் பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள்.

அந்த ஊதுகுழலை நான் இப்போது வேறு காரியத்துக்குச் சொல்லித் தருகிறேன். மூச்சு வாங்கும்போது மூக்கால் இழுத்து, ஊதுகுழலில் கங்கை மெல்ல ஊதுவது போல உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் மெதுவாக வெளியே விடுங்கள் என்பேன். வேறு எந்த உதாரணத்துக்கும் விழிக்கும் பாட்டிகள் இதைச் சொன்னதும் உடனே உதட்டைக் குவித்துவிடுவார்கள். மாடிப்படி ஏறியபின், குளித்து முடித்தபின் இதை நாலைந்து தடவை செய்தால் நெஞ்சில் சிக்கிய காற்று வெளியேறி மூச்சு அடங்கும்.

வீட்டில் இப்போது என்ன புகை இருக்கிறது என்றும் ஒரு சுற்றுப் பாருங்கள். கேஸ் வந்த பிறகும் வெந்நீருக்கு மட்டும் பின்கட்டில் விறகடுப்பு எரியும் வீடுகள் நிறைய. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, ராத்திரி கொசுவத்திச் சுருள், மிளகாய் வறுக்கும் நெடி, இவை எல்லாம் எந்த இன்ஹேலரையும் தோற்கடிக்கும். ஊர் வீட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வருஷம் பூராவும் பூட்டிக் கிடந்த வளவைத் திறந்து, ஒட்டடை அடித்து, தூசி தட்டும் நாளில் ஆச்சி அங்கே இருக்கவே கூடாது. "நான் நிக்காட்டி ஒழுங்கா கூட்டமாட்டாக" என்று முதல் ஆளாய்ப் போய் நிற்பார். அவரை ஒரு நாள் கழித்துக் கூட்டிப் போங்கள். பழைய சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டுவது, தரை பெயர்த்து ஆத்தங்குடிக் கல் பதிப்பது என்று மராமத்து நடந்தால் அது முடியும்வரை ஊர்ப்பக்கமே வேண்டாம்.

இனி செவ்வாய்ப் பொங்கல். கூட்டிப் போங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை கண்ணுடைய நாயகி கோயில் முன்னால் சொந்தமெல்லாம் சேர்ந்து பானை வைக்கிற நாள். அதைப் பறித்தால் ஆச்சிக்கு மூச்சைவிட மனசு இளைத்துவிடும். ஆனால் நூற்றுக்கணக்கான அடுப்பு ஒரே நேரத்தில் எரியும் இடம் அது. அடுப்புப் பற்றவைப்பது, பக்கத்தில் குந்தி விறகு தள்ளுவது எல்லாம் உங்கள் கையில் இருக்கட்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, புகை வராத எதிர்ப்பக்கம் தள்ளி நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். பானை பொங்கும் நேரத்துக்கு மட்டும் கிட்டே கூட்டி வந்து காட்டிவிட்டுத் திரும்ப அழைத்துப் போங்கள். முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டால் போதும் என்று ஆச்சி சொல்வார், துணி அந்தப் புகையைத் தடுக்காது. காலை பஃப்பை அன்றைக்குத் தவறவிடக் கூடாது. அவசர இன்ஹேலரும் ஸ்பேசரும் கார் டிக்கியில் வேண்டாம், உங்கள் தோள்பையில். சால்பூட்டமால் அடிக்க வேண்டிய நேரம் வந்தால் அங்கேயே கோயில் வாசலில் அடிக்கலாம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை என்று முன்கூட்டியே ஆச்சியிடம் சொல்லி வையுங்கள்.

அதற்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறது, அதற்குள் ஒரு தடவை டாக்டரைப் பார்த்துவிடுங்கள். ஸ்பேசரோடு இரண்டு வாரம் ஒழுங்காக அடித்தும் இருமல் அப்படியே இருந்தால் பொறுத்திருக்க வேண்டியதில்லை. வேறு கருவி, வேறு மருந்து, நெபுலைசர் என்று டாக்டருக்கு வழி நிறைய உண்டு. நிமோனியா ஊசியையும், வருஷத்துக்கு ஒரு தடவை போடும் ஃப்ளூ ஊசியையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். போகும்போது வீட்டில் இருக்கும் அத்தனை இன்ஹேலரையும், அந்தப் பீரோ டப்பாவையும் சேர்த்து, பிரஷர் மாத்திரை அட்டையோடு ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். "எப்படி அடிக்கணும்" என்று கேட்காதீர்கள், கேட்டால் வாயால் சொல்லி அனுப்பிவிடுவார்கள். "ஆத்தா அடிக்கிறாங்க, கொஞ்சம் பாருங்க" என்று சொல்லி, அவர்கள் கண்ணெதிரே ஒரு பஃப் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.